நான்காவது படுக்கை யாருக்கு?

 



நம் வீட்டில் எத்தனை கட்டில்கள் இருக்கின்றன? எத்தனை நாற்காலிகள்? அவற்றில் எத்தனை நம் தேவைக்கு வந்தவை, எத்தனை பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்பதற்காக வந்தவை? பணத்தை எண்ணுகிறோம், நாட்களை எண்ணுகிறோம், வீட்டுச் சாமான்களை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், அதையும் எண்ணிப் பார்க்கச் சொன்ன மார்க்கம் நம்முடைய மார்க்கம்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஆணுக்கு ஒரு படுக்கை, மனைவிக்கு ஒரு படுக்கை, விருந்தாளிக்கு மூன்றாவது என்று கணக்கிட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், நான்காவது ஷைத்தானுக்கு உரியது என்று எச்சரித்தார்கள். இதைக் கேட்டதும், "எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் எங்கே படுப்பது?" என்று சிலர் கேட்கக்கூடும். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தங்கள் விரிவுரையில் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். தேவைக்கு மேல் சேர்ப்பது பெருமைக்காகவும் உலகின் அலங்காரத்துக்காகவும்தான்; அந்தப் பெருமையைத் தூண்டுபவன் ஷைத்தான்; ஆகவேதான் அது அவனோடு சேர்த்துச் சொல்லப்பட்டது. ஆறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆறு பாய்கள் தேவையே. யாரும் படுக்காத வீட்டில் மூன்று மெத்தைக் கட்டில்கள் போட்டு வைப்பதுதான் கேள்விக்குரியது.

இந்த ஹதீஸை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். அதன் பொருள் நம் உள்ளத்தில் உறைத்தது திருச்சி மாவட்டம் வையம்பட்டியில், ஒரு நிக்காஹ் வீட்டில்.

வையம்பட்டி மணப்பாறைக்கு அடுத்த ஊர். திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையும் ரயில் பாதையும் அதைத் தொட்டுச் செல்கின்றன. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. வேம்பும் புளியும் பனையும் கருவேலும் நிற்கும் நிலம். அங்கே நமக்குத் தெரிந்த சிறு வியாபாரி ஒருவரின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார், "எங்களுக்கு ஒண்ணும் வேணாம் சம்மந்தி. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சகோதரர்களே, இந்த வார்த்தையின் பாரம் பெண்ணைப் பெற்றவருக்குத்தான் தெரியும்! கேட்டால் இவ்வளவு என்று ஓர் அளவு இருக்கும். கேட்காமல் கேட்பதற்கு அளவே இல்லை.

அவர் கடைக்குப் போய் விலை விசாரித்தார். கட்டில், மெத்தை, பீரோ, சோபா எல்லாம் சேர்த்து அறுபத்தையாயிரம் ரூபாய் என்றார்கள். கையில் இருந்ததோ அதில் பாதிகூட இல்லை. மீதிக்கு வட்டிக்குக் கொடுப்பவரிடம் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மகள் சொன்னாள்: "அத்தா, வட்டிக் கடன்ல வர்ற கட்டில் எனக்கு வேணாம். பின்னாடி கிடக்கிற மரத்துல ஒண்ணு செஞ்சு குடுங்க, போதும்."

பின்னாடி கிடந்த மரம் எது? அவருடைய அத்தா காலத்து ஓட்டு வீட்டின் பின்கட்டு ஒரு மழைக்காலத்தில் இடிந்து, பிரித்துப் போட்ட உத்தரமும் சட்டங்களும் பனங்கைகளும் ஒரு கதவும் புளியமரத்தடியில் அடுக்கிக் கிடந்தன. விறகுக்குப் போக வேண்டியவை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தெருவில் உள்ள ஆசாரியை அழைத்துக் காட்டினார். அவர் உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, "பாய், இது அம்பது வருஷம் காய்ஞ்ச மரம். இனிமே கோணாது, வெடிக்காது. புதுசுல இப்படிக் கிடைக்காது" என்றார்.

வேலை உடனே தொடங்கியிருக்கலாம். ஆனால், அந்த மனிதர் அதற்கு முன்னால் செய்த காரியத்துக்காகத்தான் இந்தச் சம்பவத்தை இங்கே எழுதுகிறோம். பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போய், "இந்த மரம் என்னுடையதுதானா?" என்று கேட்டார்.

ஹஸ்ரத் கேட்டார்கள்: "உங்க அத்தாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"நான் ஒரு ஆண். ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க."

"பாகம் பிரிச்சாச்சா?"

"இன்னும் இல்லைங்க ஹஸ்ரத்."

"அப்ப மரத்துல பாதிதான் உங்களுது. கால் பங்கு ஒரு தங்கச்சிக்கு, கால் பங்கு இன்னொரு தங்கச்சிக்கு."

பெற்றோர் இருவரும் மறைந்து, ஒரு மகனும் இரு மகள்களும் மட்டும் வாரிசாக இருந்தால் ஷரீஅத்தின் கணக்கு இதுதான். சூரத்துந் நிஸாவின் 7ஆவது வசனத்தில், பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு, பெண்களுக்கும் பங்கு உண்டு. அது குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் சரி என்று அல்லாஹு தஆலா விதித்திருக்கிறான். "குறைவாக இருந்தாலும்" என்பதை நாம் கவனிக்க வேண்டும். நிலத்தைப் பங்கு வைக்கிறோம். நகையைப் பங்கு வைக்கிறோம். பழைய அலமாரி, அண்டா, உத்தரம், கதவு ஆகியவற்றை, வீட்டில் இருப்பவர் கையில் இருப்பதாலேயே அவருடையது என்று எண்ணிவிடுகிறோம். மற்றொரு முஸ்லிமின் உரிமையைப் பொய்ச் சத்தியத்தால் எடுத்துக்கொள்பவனுக்கு நரகம் என்று எச்சரித்த நபி (ஸல்) அவர்களிடம், அற்பப் பொருளாக இருந்தாலுமா என்று கேட்கப்பட்டது. அராக் மரத்தின் ஒரு குச்சியாக இருந்தாலும் சரியே என்று பதிலளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. மிஸ்வாக் குச்சிக்கே இந்தக் கணக்கென்றால் பத்தடி உத்தரத்துக்கு என்ன கணக்கு!

பழைய மரம் வாங்குபவர் ஒருவரை அழைத்து விலை மதிக்கச் சொன்னார் அந்த வியாபாரி. பன்னிரண்டாயிரம் என்று மதித்தார். ஆளுக்கு மூவாயிரத்தை எடுத்துக்கொண்டு இரு தங்கைகளையும் பார்க்கப் போனார். மூத்த தங்கை வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தேவை இருந்தது. இளையவள், "எனக்கு எதுக்கு அண்ணே, மருமகளுக்குத்தானே செய்யறீங்க, ஹலாலாக்கிட்டேன்" என்றாள். அவரோ, "முதல்ல கையில வாங்கு. அப்புறம் உன் இஷ்டம்" என்று கொடுத்துவிட்டார். அவள் அதை வாங்கி, ஆயிரத்தை வைத்துக்கொண்டு இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பெண் மக்கள் வெட்கத்துக்காக விட்டுக்கொடுப்பது வேறு, மனம் ஒப்பி விட்டுக்கொடுப்பது வேறு. பங்கைக் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் இரண்டில் எது என்று தெரியும்.

அன்பர்களே! பழைய பொருளைப் புதுப்பிக்க விரும்பும் ஒவ்வொருவரும் ரம்பத்தை எடுக்கும் முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது யாருடையது?" என்பதே. பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது கழற்றிய கதவும் தூணும் வக்ஃபுச் சொத்து. கேட்பாரற்றுக் கிடக்கிறதே என்று யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அது பள்ளிவாசலுக்கே பயன்பட வேண்டும். முடியாதபோது ஆலிம்களைக் கலந்து முதவல்லி முறைப்படி விற்று, அந்தப் பணத்தைப் பள்ளிவாசலுக்கே சேர்க்க வேண்டும். சாலையோரத்தில் காற்றில் சாய்ந்த புளியமரம் அரசாங்கத்துக்கோ ஊராட்சிக்கோ உரியது. கட்டிடம் கட்டுமிடத்தில் கிடக்கும் பலகைக்கும், கடை வாசலில் கிடக்கும் பெட்டிக்கும் உரியவர் ஒருவர் இருப்பார். ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே கொடுத்துவிடுவார். கேட்காமல் எடுத்தால் அதில் உட்காரும் காலமெல்லாம் அது அடுத்தவர் சொத்து.

பொருள் ஹலாலான பிறகு, அதைக் கையால் செய்வது என்ன சாதாரண காரியமா? அது நபிமார்களின் வழி! ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் தெரிவிக்கிறது. நூஹ் (அலை) அவர்கள் அல்லாஹ்வின் கட்டளைப்படி கப்பல் கட்டியபோது, அவ்வழியே சென்ற சமூகப் பிரமுகர்கள் அவர்களைப் பரிகசித்ததைச் சூரத்து ஹூத் எடுத்துரைக்கிறது. ரம்பமும் சுத்தியலும் எடுத்தவனைப் பார்த்துச் சிரிப்பது அன்று தொட்டு வரும் வழக்கம். சிரித்தவர்கள் மூழ்கினார்கள், கட்டியவர்கள் கரையேறினார்கள். தாவூது (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தங்கள் கைத்தொழிலின் வருவாயிலேயே உண்டார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைப் பாருங்கள். ஈச்ச மரத்தண்டுகளே தூண்கள்; ஈச்ச ஓலையே கூரை. தொடக்கத்தில் அவர்கள் ஒரு மரத்தண்டில் சாய்ந்து நின்றுதான் குத்பா ஓதினார்கள். பிறகு ஓர் அன்சாரிப் பெண்மணியின் பணியாளரான தச்சர், மதீனாவுக்கு அருகிலுள்ள காட்டு மரத்தைக் கொண்டு மூன்று படிகளில் மிம்பர் செய்து கொடுத்தார். நபி (ஸல்) அவர்கள் அதில் ஏறியதும், பழைய மரத்தண்டு பிரிவாற்றாமையால் அழுதது. அவர்கள் இறங்கி வந்து அதைத் தடவி ஆறுதல்படுத்தினார்கள். புதியது வந்தபோதும் பழையதை மறக்காத நபியின் உம்மத் நாம். நம் வீட்டில் புதியது வந்தால் பழையது எங்கே போகிறது?

ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் வெறுப்படைந்தார்கள். அன்னையார் அந்தத் துணியை வீசிவிடவில்லை. வெட்டி, ஒன்றிரண்டு தலையணைகளாக்கிக்கொண்டார்கள். மற்றொரு சமயம், மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாக வந்த ஆடு செத்துவிட்டது. அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அதை உண்பதுதான் ஹராம் என்றும் விளக்கினார்கள். அவர்களுடைய பாத்திரம் ஒன்று உடைந்தபோது, வெடித்த இடம் வெள்ளிக் கம்பியால் இணைக்கப்பட்டு மீண்டும் புழங்கியது. அவர்கள் படுத்த மெத்தையோ, தோல் உறைக்குள் ஈச்ச நார் அடைத்தது. இவையெல்லாம் ஸஹீஹான கிதாபுகளில் உள்ளவை. தைக்கலாம், ஒட்டலாம், மாற்றிச் செய்யலாம் என்ற நிலையில் உள்ள பொருளைக் குப்பையில் எறிவது ஸுன்னத்தான வீட்டின் பழக்கமல்ல.

உதவி கேட்டு வந்த ஓர் அன்சாரித் தோழரின் சம்பவமும் அபூதாவூதில் உண்டு. வீட்டில் இருந்த ஒரு விரிப்பையும் ஒரு கோப்பையையும் கொண்டுவரச் சொல்லி, நபி (ஸல்) அவர்களே அவற்றை இரண்டு திர்ஹத்துக்கு ஏலம் விட்டார்கள். ஒரு திர்ஹத்துக்கு உணவு வாங்கிக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்னார்கள். மற்றதற்குக் கோடரி வாங்கிவரச் சொல்லி, அதற்குத் தங்கள் முபாரக்கான கரத்தாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். பதினைந்து நாளில் அந்தத் தோழர் பத்துத் திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார். கோடரிக்குப் பிடி போடுவது பெருமானாருக்குத் தாழ்வாக இல்லை. நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆணி அடிக்கச் சொல்லிக் கொடுப்பது மட்டும் நமக்குத் தாழ்வாகிவிடுமா?

வையம்பட்டிக்குத் திரும்புவோம். ஆசாரி பெரிய வேலைகளைச் செய்தார். வீட்டார் சிறிய வேலைகளைச் செய்தார்கள். அங்கே கண்டு தெரிந்துகொண்ட சில விஷயங்களை, செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று சொல்கிறோம்.

பழைய மரத்தை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று ஓசை வந்தாலோ, துளைகளிலிருந்து மாவு கொட்டினாலோ உள்ளே பூச்சி இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் விறகுக்கு ஒதுக்குவதே நல்லது. நல்ல மரத்திலும் ஆணிகளையெல்லாம் கொறடால் பிடுங்கிய பிறகே ரம்பம் வைக்க வேண்டும். பிடுங்கிய ஆணிகளை உடனே ஒரு டப்பாவில் போட வேண்டும். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளையாக இருக்க, நாமே அடுத்தவர் காலுக்கு ஆணி போடலாமா?

கட்டிலுக்கு ஆறே கால் அடி நீளம், மூன்றடி அகலம் ஒருவருக்குப் போதும். உயரம் முழங்கால் அளவு, அதாவது ஒன்றரை அடி இருந்தால் வயதானவர்கள் சிரமமின்றி எழுவார்கள். சட்டங்களை ஆணியால் மட்டும் இணைத்தால் சில மாதங்களில் ஆட்டம் கொடுக்கும். காலில் துளைபோட்டு, சட்டத்தின் முனையைச் செதுக்கி அதற்குள் இறக்கினால் தலைமுறைக்கு நிற்கும். பலகைக்குப் பதில் பனை நாரோ கயிறோ பின்னினால் செலவும் குறைவு, கோடையில் காற்றும் வரும். வைரம் பாய்ந்த பனங்கையைக் கறையான் எளிதில் தொடாது. அதில் விசிப்பலகை செய்யலாம். பூவரசும் வேம்பும் சாமான்களுக்கு ஏற்றவை. மாமரம் சீக்கிரம் செல்லரிக்கும்.

பழைய கதவு, ஜன்னல்களின் பெயிண்டைச் சுரண்டும்போது எச்சரிக்கை தேவை. முற்காலத்துப் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஆகவே, வெளியே வைத்து, நனைத்துத் தேய்த்து, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். ரயில் பாதையிலிருந்து கழித்து ஏலத்தில் விற்ற மரக் கட்டைகளைச் சிலர் முறையாக வாங்கி வைத்திருப்பார்கள். அவற்றில் பல தார் எண்ணெயில் ஊறியவை. கட்டிலுக்கோ, உட்காரும் பலகைக்கோ, காய்கறிப் பாத்திக்கோ ஆகாதவை.

பழைய மெத்தையைப் பிரித்துத் திண்டு தைக்கும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழந்தை சிறுநீர் கழித்த பஞ்சு வெயிலில் காய்ந்துவிட்டால் மட்டும் சுத்தமாகிவிடாது. தண்ணீர் கொண்டு கழுவியே ஆக வேண்டும். மரத்தில் செதுக்கு வேலை செய்ய ஆசைப்படுபவர்கள் உயிருள்ளவற்றின் உருவங்களைத் தவிர்த்து, கொடியும் பூவும் இலையும் செதுக்கட்டும்.

சுத்தியல் ஓசை நமக்கு இனிமை. அண்டை வீட்டு நோயாளிக்கு வேதனை. லுஹருக்குப் பின் ஓய்வு நேரத்திலும் இஷாவுக்குப் பிறகும் கருவிகளை வைத்துவிட வேண்டும். அண்டை வீட்டார் தம் சுவரில் மரம் பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள் என்றால் அண்டையாரின் உரிமை எத்தகையது என்று சிந்தியுங்கள். வேலை செய்த ஆசாரியின் கூலியை வியர்வை உலரும் முன் கொடுப்பதும் அவர்களின் கட்டளையே. "பழைய மரம்தானே" என்று கூலியைக் குறைப்பது அநியாயம். பழைய மரத்தில்தான் வேலை அதிகம்.

மரமே இல்லாத வீட்டுக்கு என்ன வழி? பாய் இருக்கிறது! நெல்லைச் சீமையின் பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்மணிகள் கோரையை ஊறவைத்து, கீறி, நெய்து தரும் பாய் உலகப் புகழ் பெற்றது. இரவில் விரித்தால் படுக்கை. காலையில் சுருட்டினால் அதே அறை தொழும் இடம். பாயின் தழும்பு நாயகத்தின் விலாவில் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். அந்தப் பாயை நம் வீட்டில் விரிக்க நமக்கென்ன வெட்கம்?

கட்டில் முடிந்ததும் மிஞ்சிய மரம் வீணாகவில்லை. பனங்கைகளில் ஒரு விசிப்பலகை செய்து வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் போட்டார்கள். பேருந்துக்குப் போகிறவர்கள் அதில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். ஓட்டை விழுந்த தகர டின்களில் மண் நிரப்பிக் கீரையும் கறிவேப்பிலையும் வைத்தார்கள். முஸ்லிம் நட்ட செடியிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவனுக்கு ஸதகா என்பது நபிமொழி. ஆனால், அடியில் துளை இல்லாத டின்னில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு பெருகும். ஸதகா செய்யப் போய் நோயைக் கொடுத்துவிடக் கூடாது. கடைசித் துண்டுப் பலகையில், மகள் கொண்டுபோக ஒரு ரிஹால். பாட்டனார் குர்ஆன் ஓதிய கூரையின் மரம், பேத்தி குர்ஆன் ஓதும் பலகையானது.

நிக்காஹ் நடந்தது. கட்டிலைப் பார்த்த மாப்பிள்ளையின் தகப்பனார், "பழைய மரமா சம்மந்தி?" என்றார். "ஆமா சம்மந்தி. எங்க அத்தா வீட்டு உத்தரம். தங்கச்சிங்க பங்கைக் குடுத்துட்டுச் செஞ்சது. ஒரு பைசா வட்டி இல்லை" என்றார் இவர். சம்மந்தியின் முகம் உடனே மலர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். அவர் ஒன்றும் சொல்லாமல் கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மாப்பிள்ளைதான், "நல்லா இருக்கு மாமா" என்றார். உறவினரில் இருவர் மூலையில் நின்று ஏளனமாகப் பேசியதும் நம் காதில் விழுந்தது. ஆனால், அன்றிரவு அந்தத் தகப்பனார் கடனில்லாமல் உறங்கியிருப்பார்.

ஆண்மக்களைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மார்க்கத்தில் கொடுக்க வேண்டியவன் மணமகன். மஹர் அவன் மீது கடமை. அலி (ரலி) அவர்கள் தம் கவசத்தை மஹராகக் கொடுத்தார்கள். ஃபாத்திமா நாயகி (ரலி) அவர்களுடன் தந்தையார் அனுப்பி வைத்தவை ஒரு தடித்த துணி, ஒரு தோல் தண்ணீர்ப் பை, இத்கிர் புல் அடைத்த ஒரு தலையணை என்று நஸாயீயில் வருகிறது. சீதனம் கேட்பது நம் நாட்டில் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றமே. "நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று மறைமுகமாகக் கேட்பதை விட்டுவிட்டு, "எங்க வீட்ல கட்டில் இருக்கு, பிள்ளையை மட்டும் அனுப்புங்க" என்று சொல்லிப் பாருங்கள். இந்த வார்த்தை ஒரு குடும்பத்தை வட்டியிலிருந்து காப்பாற்றும்.

பெண்மக்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் மெச்சுவதற்காகக் கடன் வாங்காதீர்கள். ஊர் மூன்று நாள் பேசும். வட்டி முப்பது மாதம் பேசும்.

இந்த மாதம் ஒரு காரியம் செய்வோம். வீட்டில் ஆடும் ஒரு நாற்காலியையோ உடைந்த ஒரு முக்காலியையோ எடுத்து, பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி நம் கையாலேயே சரிசெய்வோம். பரணில் கிடக்கும் பழைய சாமானில் உடன்பிறந்தவர்களின் பங்கு இருக்கிறதா என்று யோசித்து, இருந்தால் அவர்களைத் தேடிச் சென்று கொடுப்போம். நான்காவது படுக்கை ஒன்று சும்மா கிடந்தால் அது இல்லாத வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை ஹலாலான பொருளால் நிரப்புவாயாக! பெருமைக்காகச் சேர்ப்பதிலிருந்தும், பிறர் பங்கை உண்பதிலிருந்தும், வட்டியின் தீங்கிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! எங்கள் கைகளின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக! எங்கள் பெண்மக்களின் வாழ்வை எளிதாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!